படலை தாண்டும் குப்பை

திருநெல்வேலி சிறிய இடம். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எத்தனை வகைக் குப்பை உண்டோ அத்தனையும் அங்கே ஒரு மைல் வட்டத்துக்குள் கிடைக்கும். சந்தையில் விடியற்காலையில் இறங்கும் மரக்கறியில் ஒரு பங்கு பொழுதுபடுமுன் கழிவாகிவிடுகிறது: கோவா இலை, வாழைத்தண்டு, அழுகின தக்காளி. பரமேஸ்வரா சந்தியைச் சுற்றிய ஒழுங்கைகளில் பல்கலைக்கழக மாணவர்கள் வாடகைக்கு இருக்கும் அறைகள். அவற்றுக்கு அப்பால் செம்மண் தோட்டங்கள், வெறும் உரப் பைகளும் கிருமிநாசினிப் போத்தல்களுமாக. நடுவே மாவும் பலாவும் நிற்கும் பெரிய வளவுகள். அவற்றைத் துண்டாடிக் கட்டிய புது மாடிவீடுகள். மண் தெரியாமல் கல்லுப் பதித்த முற்றங்கள். வாடகை அறையொன்றின் படலையில் தொங்கும் சொப்பிங் பையை அவிழ்த்துப் பார்த்தால் ஊரின் குப்பைப் பிரச்சினை முழுவதும் அதற்குள் இருக்கும். சோறும் கறியும் ஒட்டிய பார்சல் தாள், அதற்குள் திணித்த யோகட் கப், தேயிலைச் சக்கை, பப்பாசித் தோல், எரிந்துபோன மின்குமிழ், சிலவேளை ஒரு பழைய பற்றரி. தனித்தனியே வைத்திருந்தால் இவற்றில் பெரும்பகுதி மாட்டுக்கோ மண்ணுக்கோ போத்தல் வாங்குபவருக்கோ போயிருக்கும். ஒரே பையில் கட்டிய கணத்தில் எவருக்கும் உதவாத, எவரும் வேண்டாத ஒரே பொருளாகிவிட்டன.

யாழ்ப்பாணத்தில் நடக்க வேண்டிய குப்பை விவாதம் இந்தப் பையைப் பற்றியது. ஆனால் எங்கள் சபைகளில் நடப்பதெல்லாம் பை போய்ச் சேரும் இடத்தைப் பற்றிய சண்டை. யாழ்ப்பாணம் மாநகர சபையின் குப்பை ஆண்டுக்கணக்காகக் கல்லுண்டாய் வெளியில் கொட்டப்படுகிறது. அந்த வெளி மாநகர எல்லைக்குள் இல்லை. மானிப்பாயைத் தலைமையிடமாகக் கொண்ட வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபையின் பக்கம், கடல்நீரேரியோரம் இருக்கிறது. அருகே நவாலி. அதற்கும் அருகே, காணியில்லாமல் அலைந்த குடும்பங்களுக்குக் கொடுத்த கல்லுண்டாய்க் குடியிருப்பு. மேட்டில் தீப்பிடிக்கும்போது அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் அவர்கள். மாரியில் அங்கிருந்து வழிந்துவரும் கறுப்பு நீரைத் தாண்டி நடப்பவர்களும் அவர்கள். குப்பை வாகனங்களை மறித்தும், வீதியில் இருந்தும், மனுக் கொடுத்தும் அவர்கள் பலமுறை எதிர்ப்புக் காட்டிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் பதில் ஒன்றுதான்: மாற்று இடம் தேடுகிறோம். மாற்று இடம் என்று எவர் எதைக் காட்டினாலும், அது வேறொரு ஊரின் நவாலியாகத்தான் இருக்கப்போகிறது.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், வீதிகளிலும் வீடுகளிலும் சேரும் கழிவை அகற்றுவதைச் சபையின் கடமையாக்குகிறது. மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்திலும் அதே கடமை உண்டு. அதோடு இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது: சபை சேகரித்த கழிவு சபையின் சொத்தாகிவிடும். இந்த இரண்டாவது ஏற்பாட்டை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை; எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. படலைக்கு உள்ளே இருக்கும் வரை அந்தப் பை வீட்டுக்காரருடையது. உழவு இயந்திரத்தின் பெட்டிக்குள் விழுந்ததும் அது சபையினுடையது, அதன் நாற்றமும் நச்சும் தீயும் சேர்த்து. ஆகவே எதை எந்த நிலையில் பொறுப்பேற்பது என்று சொல்லும் நியாயம் சபைக்கு இருக்கிறது. கலந்து கட்டிய பையைக் கேள்வி கேட்காமல் தூக்கும் ஒவ்வொரு நாளும், சபை தன் தலையில் மட்டுமல்ல, நவாலியின் தலையிலும் கடனை ஏற்றுகிறது.

இந்தப் பாதை எங்கே போய் முடியும் என்பதைக் கொழும்பு காட்டிவிட்டது. புளூமெண்டால் குப்பை மேட்டில் இனி இடமில்லை என்றானபோது, 2009இல் தலைநகரின் குப்பை மீதொட்டமுல்லைக்குத் திருப்பப்பட்டது. அது கொழும்பு மாநகர சபையின் எல்லையல்ல, பக்கத்துக் கொலன்னாவை. தற்காலிகம் என்றார்கள். எட்டு ஆண்டுகள் மேடு வளர்ந்தது. அங்கிருந்த மக்கள் ஊர்வலம் போனார்கள், நீதிமன்றம் போனார்கள். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று பிற்பகலில் மேடு சரிந்து வீடுகளை மூடியது. 32 பேர் இறந்தார்கள். அதன் பிறகும் தேடியது இன்னொரு இடத்தைத்தான். புத்தளம் மாவட்டத்து அறுவக்காட்டுக்கு ரயிலில் ஏற்றிப்போகும் திட்டத்தை முன்னெடுத்தார்கள். புத்தளத்து மக்கள் மாதக்கணக்காகத் தெருவில் இருந்தார்கள். தலைநகரின் குப்பையை ஏன் நாங்கள் சுமக்க வேண்டும் என்ற அவர்களுடைய கேள்வியும் நவாலியின் கேள்வியும் ஒன்றே. இரண்டுக்கும் இன்றுவரை நேர்மையான பதில் கிடைக்கவில்லை.

குடாநாட்டுக்கு இந்தப் பாதை கொழும்பைவிட ஆபத்தானது. எங்களுக்கு ஆறு கிடையாது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறு ஒன்றுதான். குடிக்கவும் குளிக்கவும் தோட்டம் இறைக்கவும் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரே கதி. அந்தக் கல் வெடிப்பும் துவாரமும் நிறைந்தது. மேலே ஊற்றியது வடிகட்டப்படாமலே கீழே இறங்கிவிடும். தோட்டத்து உரமும் மலக்குழியும் சேர்ந்து கிணறுகளில் நைத்திரேற்றைக் கூட்டியிருப்பதைப் பல்கலைக்கழகத்தவரும் மற்ற ஆய்வாளர்களும் பல தசாப்தங்களாகச் சொல்லி வருகிறார்கள். சுன்னாகத்தில் மின்நிலையத்தின் கழிவு எண்ணெய் கிணறுகளுக்குள் வந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்காக 2 கோடி ரூபா செலுத்துமாறு மின்நிலையத்தை நடத்திய நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. காசு வந்தாலும் கெட்ட கிணறு உடனே நல்ல கிணறாகாது. 2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்திருக்கிறோம். மழை இலவசமாகத் தந்த நீரைக் கெடுத்துவிட்டு, கடல்நீரைப் பெருஞ்செலவில் சுத்திகரிக்கும் நிலைக்கு வந்த ஊர், மண்ணின் மேல் எதைக் குவிக்கிறோம் என்பதில் மற்ற ஊர்களைவிடப் பத்து மடங்கு கவனமாக இருக்க வேண்டும். குடாநாட்டில் கலந்த குப்பையைக் கொட்டுவதற்கு ஏற்ற இடம் என்று ஒன்று இல்லை. கல்லுண்டாயும் அல்ல, வேறெதுவும் அல்ல.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? வீட்டுக் குப்பைச் சேகரிப்பை முழு ஒழுங்குக்குள் கொண்டுவருவது. இன்று சில வீதிகளுக்கு வண்டி வருகிறது, சிலவற்றுக்கு வருவதில்லை. வரும் நாளும் நேரமும் பலருக்குத் தெரியாது. தெரியாததால் பை மதிலோரம் போய்விடுகிறது, நாய் கிழிக்கிறது. இல்லையேல் இரவில் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் அடுத்த சபையின் எல்லையில் வீசப்படுகிறது. இதற்குப் பதிலாக ஒவ்வொரு ஒழுங்கைக்கும் நாள் குறித்து, நேரம் குறித்து, அதை வட்டாரம்தோறும் எழுதி ஒட்ட வேண்டும். உக்கும் கழிவு வளவுள்ள வீடுகளிலிருந்து வெளியே வரவே கூடாது. வளவில்லாத வீடுகளிலிருந்தும் சந்தையிலிருந்தும் கடைகளிலிருந்தும் மட்டும் அதைத் தனியாக எடுக்க வேண்டும். பிளாஸ்ரிக், கண்ணாடி, கடதாசி, தகரம் கழுவிக் காயவைத்து மாதத்தில் குறித்த நாட்களில் போக வேண்டும். எஞ்சுவது பம்பர்ஸ், உடைந்த செருப்பு, கிழிந்த துணி என்று சிறுதொகை. பற்றரி, மின்குமிழ், கிருமிநாசினிப் போத்தல் ஆகியவற்றுக்குத் தனி நாள். இதற்குச் சிறியதொரு மாதக் கட்டணம், வளவின் அளவையும் வீட்டின் வகையையும் பொறுத்து. விலக்கு எவருக்கும் இல்லை. இந்தக் கடைசி வசனத்தில்தான் சண்டை தொடங்கும்.

முதல் எதிர்ப்பு வளவுள்ள வீடுகளிலிருந்து வரும். எனது குப்பையை நானே பார்த்துக்கொள்கிறேன். வாழைக்குழிக்குள் போடுகிறேன், மிச்சத்தை எரிக்கிறேன். வராத வண்டிக்கு நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்? இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. முன்பு யாழ்ப்பாணத்து வளவு தன் கழிவைத் தானே தின்றது. சாணமும் சாம்பலும் இலைகுழையும் தோட்டத்துக்குப் போயின, கஞ்சித்தண்ணியும் பழத்தோலும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் போயின. அந்த வளவுக்காரர் இன்று கேட்பதில் பாதி நியாயம் இருக்கிறது. மற்றப் பாதியை நெருப்பு எடுத்துக்கொண்டுவிட்டது. மாலையில் கூட்டிக் கொளுத்தும் குவியலில் அன்று மாவிலை மட்டும் இருந்தது. இன்று அதற்குள் பொலித்தீன் பையும் பிஸ்கட் உறையும் பால்மாப் பைக்கற்றும் இருக்கின்றன. குறைந்த சூட்டில் புகைந்து எரியும் பிளாஸ்ரிக்கிலிருந்து டயொக்சின் முதலான நச்சுகள் கிளம்பும். மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்குள் போகும். சாம்பலோடு கிணற்றடி மண்ணில் இறங்கும். அதனால் உக்கும் கழிவை வளவுக்குள்ளேயே முடிக்கும் வீட்டுக்குக் கட்டணத்தைப் பாதியாக்கலாம், அதற்கு மேலும் குறைக்கலாம். முழு விலக்கு மட்டும் கொடுக்கக்கூடாது. விலக்குக் கேட்பவர் உண்மையில் கேட்பது, தன் பிளாஸ்ரிக்கைத் தானே எரிப்பதற்கான உரிமையை.

இதே வாதம் அமெரிக்காவிலும் நடந்தது. மினசோட்டா மாநிலத் தலைநகரான செயின்ட் போலில் நெடுங்காலமாக ஒவ்வொரு வீடும் தனக்குப் பிடித்த கம்பனியைத் தானே அமர்த்திக் குப்பை அகற்றியது. ஒரே ஒழுங்கைக்குள் வாரத்துக்குப் பல கம்பனிகளின் லொறிகள் வந்து போயின. காசு கொடுக்காத வீடுகளின் குப்பை பொது இடத்துக்குப் போனது. 2018 ஒக்ரோபர் முதலாம் திகதி முதல் நகர சபை எல்லா வீட்டுக்கும் ஒரே ஒழுங்கைக் கொண்டுவந்தது. குப்பையே சேர்க்காதவர்கள், அயலோடு ஒரே தொட்டியைப் பகிர்ந்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். கையெழுத்துச் சேர்த்து வாக்கெடுப்புக் கேட்டார்கள். சபை மறுத்தது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 ஓகஸ்டில் மக்கள் பக்கம் தீர்ப்பாயிற்று. நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் அதே ஒழுங்கே வேண்டும் என்று வாக்களித்தார்கள். இதில் எங்களுக்கு இரண்டு பாடம் உண்டு. எதிர்த்தவர்கள் கேட்டது அபத்தமல்ல. குறைவாகக் குப்பை போடுபவருக்குக் குறைந்த கட்டணம் என்பதை முதலிலேயே வைத்திருந்தால் பாதிக் கோபம் வந்திருக்காது. மற்றது, மக்களிடம் நேராகக் கேட்டபோது, குறையோடு கூடிய பொது ஒழுங்கைத்தான் பெரும்பான்மையினர் தெரிந்தார்கள். சபைதான் மக்களிடம் கேட்கப் பயந்தது.

இரண்டாவது எதிர்ப்பு சோலைவரியை வைத்து எழும். ஏற்கெனவே வரி கட்டுகிறோம், குப்பை எடுப்பது அதற்குள் அடங்காதா என்று கேட்பார்கள். அடங்கியிருக்க வேண்டியதுதான். ஆனால் சோலைவரி வீட்டின் மதிப்பைப் பார்க்கிறது, குப்பையைப் பார்ப்பதில்லை. பெரிய வளவில் இரண்டு முதியவர்கள் வாழும் வீடு அதிகம் கட்டுகிறது; எட்டு அறைகளை வாடகைக்கு விட்டு நாளொன்றுக்கு இருபது பார்சல் தாள் வெளியே தள்ளும் வீடும் ஏறத்தாழ அதையே கட்டுகிறது. கழிவுக்கென்று தனிக் கட்டணம் இருந்தால்தான் அந்த வேறுபாடு தெரியும். வரும் காசு வேறெங்கும் போகாமல் கழிவுக்கே செலவாகிறதா என்று கணக்கும் கேட்கலாம். கேரளத்தில் ஹரித கர்ம சேனை என்ற பெயரில் பெண்கள் குழுக்கள் வீடு வீடாகப் போய்க் கழுவிக் காயவைத்த பிளாஸ்ரிக்கை எடுத்துவருகிறார்கள். கிராமத்து வீடுகளில் மாதத்துக்கு 50 ரூபா வாங்குகிறார்கள். அங்கும் எதிர்ப்பு வந்தது. கொடுக்கத் தேவையில்லை என்று பிரசாரமே நடந்தது. 2023 மார்ச்சில் கொச்சிக்கு அருகே பிரம்மபுரம் குப்பை மேடு தீப்பிடித்து, நகரம் நாட்கணக்காகப் புகைக்குள் கிடந்தது. அதன் பின் கேரள அரசு பின்வாங்கவில்லை. கட்டாதவர்களிடமிருந்து வரியைப் போலவே அறவிடச் சட்டத்தைத் திருத்தியது.

மூன்றாவதாக, தனியாரிடம் கொடுத்துவிடலாம் என்பார்கள். சென்னை இதை இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செய்து பார்த்துவிட்டது. 2000இல் ஓனிக்ஸ், பிறகு நீல் மெட்டல் பனல்கா, 2020 முதல் உர்பேசர் சுமித் என்று கம்பனிகள் மாறின. தெருக்கள் ஓரளவு துப்புரவாயின என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஆரம்ப ஒப்பந்தங்களில் அள்ளிய எடைக்குக் காசு. எடைக்குக் காசு என்றால் குப்பை குறையக் கம்பனிக்கு ஏன் அக்கறை வரும்? பிரித்து எடுப்பதால் எடை குறையும், வருமானம் குறையும். கொடுங்கையூர், பெருங்குடிக் குப்பை மேடுகள் தொடர்ந்து வளர்ந்தன. 2025 ஓகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்துத் துப்புரவுத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகையின் முன் பதின்மூன்று நாட்கள் இருந்தார்கள். நள்ளிரவில் பொலிஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. சம்பளம் குறையும், வேலைப் பாதுகாப்புப் போகும் என்பதே அவர்களின் அச்சம். தனியாரைச் சேர்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. புனேயில் கழிவு பொறுக்கியவர்களே சேர்ந்து நடத்தும் ‘ஸ்வச்’ கூட்டுறவுச் சங்கம் 2008 முதல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்து வீடு வீடாகச் சேகரிக்கிறது. கட்டணம் நேரே அந்த உழைப்பாளிகளுக்குப் போகிறது. யாழ்ப்பாணத்திலும் போத்தல், பேப்பர், பழைய இரும்பு வாங்க ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்றுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களைச் சபைகள் கண்டும் காணாமல் விடுகின்றன. காய்ந்த கழிவின் சேகரிப்பை அவர்களிடமிருந்து தொடங்குவதுதான் இயல்பு.

தொழிலாளரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உழவு இயந்திரப் பெட்டியின் மேல் நிற்கும் ஒருவர் ஓடும் வண்டியிலேயே பைகளைக் கையால் கிழித்து, விற்கக்கூடிய போத்தலைத் தனியே எறிவதை எந்த வீதியிலும் காணலாம். எச்சிலும் சவரஅலகும் பம்பர்ஸும் அந்தக் கைகளுக்கூடாகப் போகின்றன. வீட்டில் பிரிக்காததை அவர் வெறுங்கையால் பிரிக்கிறார். ஆகவே பிரித்தல் கேள்வி சாதிக் கேள்வியும்கூட. யாருடைய கை எதைத் தொடலாம் என்று இந்தச் சமூகம் வகுத்துவைத்த ஒழுங்கு அந்தப் பெட்டிக்குள் இன்னும் உயிரோடு இருக்கிறது. தற்காலிக, அமைய ஊழியர்களாக ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து, நிரந்தர நியமனம் கேட்டால் நிதியில்லை என்று சொல்லும் சபைகள், எந்தப் புது ஒழுங்கைக் கொண்டுவந்தாலும் முதலில் அந்தக் கைகளுக்குக் கையுறையும் நியமனக் கடிதமும் கொடுக்க வேண்டும். கட்டணத்தில் முதல் பங்கு அவர்களுக்கே உரியது.

எங்கள் சனம் பிரிக்காது என்பது அடுத்த வாதம். எல்லா ஊரிலும் எல்லாச் சபையிலும் இதைச் சொன்னார்கள். கேரளத்து ஆலப்புழா நகரத்தின் குப்பை சர்வோதயபுரத்தில் கொட்டப்பட்டு வந்தது. 2012இல் அந்த ஊர்மக்கள் லொறிகளை மறித்து, இனி ஒரு பையும் வராது என்றார்கள். ஆலப்புழா வேறு இடம் தேடவில்லை. சட்டமன்ற உறுப்பினர் தோமஸ் ஐசக்கும் நகரசபையும் சேர்ந்து, உக்கும் கழிவை வீட்டிலேயே முடிக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள்: இடமுள்ள வீட்டுக்குச் சிறு உயிர்வாயுக் கலன், இடமில்லாத வீட்டுக்குக் குழாய்க் கூட்டெரு, இரண்டும் இயலாதவர்களுக்குத் தெருவோரக் கூட்டெருக் கூடம். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2017இல், ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு அந்த நகரத்தை முன்மாதிரியாக எடுத்துக் காட்டியது. அந்த மாற்றத்தைத் தொடக்கிவைத்தது சர்வோதயபுரத்தின் மறியல். நவாலிக்காரர் வண்டியை மறிக்கும்போது அவர்களைத் தொந்தரவாகப் பார்ப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். இலங்கையிலும் குப்பையைப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று மத்திய சுற்றாடல் அதிகார சபை அறிவித்தது. கொஞ்ச நாள் மக்கள் பிரித்தார்கள். பிரித்து வைத்த இரண்டு பையும் ஒரே பெட்டிக்குள் விழுவதைக் கண்டதும் விட்டுவிட்டார்கள். பிரிக்காத குற்றத்தை மக்கள்மேல் போடுமுன், சபையின் வண்டி முதலில் பிரிந்திருக்க வேண்டும்.

கண்டிப்புப் போதாது என்று சொல்பவர்களும் உண்டு. 2021இல் யாழ்ப்பாண மேயர் விஸ்வலிங்கம் மணிவண்ணன் அந்த வழியை முயன்றார்; வீதியில் குப்பை போடுபவர்களையும் வெற்றிலை துப்புபவர்களையும் பிடித்துத் தண்டப்பணம் அறவிட மாநகர சபை ஐந்து பேர் கொண்ட காவற்குழுவை அமைத்தது. அவர்களுடைய சீருடை விடுதலைப் புலிகளின் காவற்றுறைச் சீருடையை ஒத்திருக்கிறது என்று சொல்லி ஏப்ரல் 9 அன்று பயங்கரவாதத் தடுப்புப் பிரிவு மேயரைக் கைதுசெய்தது. அன்றே பிணை கிடைத்தது. ஒரு நகரத்தின் குப்பைத் தண்டம் தேசியப் பாதுகாப்புப் பிரச்சினையாக்கப்பட்டது பெரும் அநியாயம். கொழும்பு மாநகர சபையின் ஊழியர்களும் அதே நிறச் சீருடை அணிகிறார்கள் என்பது அப்போதே சுட்டிக்காட்டப்பட்டது. அந்த அநியாயத்தை விலக்கிவிட்டுப் பார்த்தாலும், தண்டம் மட்டும் போதாது. போக வேண்டிய இடமும் நாளும் இல்லாத பைக்குத் தண்டம் விதித்தால் பை இருட்டுக்குள் ஒளியும், அவ்வளவுதான். சேகரிப்பு ஒழுங்கான பிறகே தண்டத்துக்கு நியாயம் பிறக்கும்.

எரித்து மின்சாரம் எடுக்கலாம் என்ற யோசனையும் தேர்தலுக்குத் தேர்தல் வருகிறது. கெரவலப்பிட்டியில் 2021இல் திறக்கப்பட்ட 10 மெகாவாற் நிலையம் கொழும்புப் பெருநகரத்தின் குப்பையை நம்பி நிற்கிறது. அதற்கு நாளாந்தம் பல நூறு தொன் தேவை. ஆறு இலட்சம் பேர் வாழும் மாவட்டம் அப்படியொரு அடுப்பை நிரப்ப முடியாது. நிரப்ப முயன்றால், குறைக்க வேண்டிய குப்பையைக் கூட்டிக் கொடுக்கும் கட்டாயம் வந்துவிடும். எங்கள் குப்பையில் பெரும்பங்கு ஈரம். ஈரத்தை எரிப்பது எரிபொருளை வீணாக்குவது.

உண்மையான தடை வேறு. யாழ்ப்பாண மாவட்டத்தில் 17 உள்ளூராட்சி மன்றங்கள்: ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், பதின்மூன்று பிரதேச சபைகள். திருநெல்வேலி நல்லூர்ப் பிரதேச சபையின் எல்லைக்குள் இருக்கிறது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மாநகர சபையின் எல்லைக்குள் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே குடியிருப்பு ஒரே தொடர்ச்சி. குப்பை வண்டி மட்டும் வேறு. எல்லைக் கோட்டில் கிடக்கும் பையை இருவரும் எடுக்கமாட்டார்கள். மாநகர சபையின் 2018 முதல் 2023 வரையான ஆயுளில் ஆர்னோல்ட், மணிவண்ணன், மறுபடி ஆர்னோல்ட் என்று மேயர்கள் மாறினார்கள்; பாதீடு தோற்கடிக்கப்படுவதே சபையின் வழக்கமாயிற்று. 2023 மார்ச்சில் ஆயுட்காலம் முடிந்தபின் 2025 மே 6 தேர்தல் வரை இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் தெரிவான சபையே இல்லை. வட மாகாண சபை 2018 ஒக்ரோபரோடு முடிந்தது. இப்படிப்பட்ட தரையில் ஒரு கட்சியின் பெரும்பான்மையை நம்பி எந்தக் கழிவுத் திட்டமும் நிற்காது. மேல் மாகாணத்தில் கழிவு முகாமைத்துவத்துக்கென்று தனி அதிகார சபை இருக்கிறது. சபைகள் மாறினாலும் அது தொடர்ந்து இயங்குகிறது. அதேபோன்ற கூட்டமைப்பு ஒன்று மாவட்டத்தின் 17 சபைகளுக்கும் வேண்டும். வண்டிகள் அதற்கு, கூட்டெருக் கூடங்கள் அதற்கு, கட்டணக் கணக்கும் அதற்கு. எந்தச் சபையும் தன் குப்பையை மற்றச் சபையின் எல்லைக்குள் அதன் சம்மதமில்லாமல் கொட்ட முடியாது என்ற விதியும் அதிலேயே எழுதப்பட வேண்டும்.

கூட்டெருவை யார் வாங்குவார்கள் என்ற கேள்விக்கும் இங்கே விடை இருக்கிறது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் தடைசெய்தபோது நாடெங்கும் விவசாயிகள் நல்ல சேதனப் பசளைக்கு அலைந்தார்கள். கிடைத்த சிலவற்றில் கண்ணாடித் துண்டும் பொலித்தீனும் இருந்தன. கலந்த குப்பையிலிருந்து செய்த பசளையைத் தோட்டக்காரர் நம்பாததில் பிழையில்லை. சந்தைக் கழிவை மட்டும் தனியே எடுத்துச் செய்த பசளைக்குச் செம்மண் தோட்டங்கள் பக்கத்திலேயே காத்திருக்கின்றன. அதன் தரத்தைச் சோதித்துச் சான்று கொடுக்க வெளியூர் போக வேண்டியதில்லை: விவசாய ஆராய்ச்சி நிலையம் திருநெல்வேலியிலேயே இருக்கிறது, பல்கலைக்கழகமும் இருக்கிறது. சந்தை, தோட்டம், ஆய்வுகூடம் மூன்றும் ஒரே பிரதேச சபைக்குள் அமைந்த இடம் இந்த நாட்டில் அதிகமில்லை.

தொடக்கம் வாடகை அறைகள் நிறைந்த ஒழுங்கைகளில் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். வழக்கமாகச் சபைகள் நல்ல மனமுள்ள, வளவுள்ள வீடுகளில் மாதிரித் திட்டம் தொடங்கிப் படம் எடுத்துப் போட்டுவிட்டு நின்றுவிடும். ஆண்டுக்காண்டு ஆட்கள் மாறும், வளவே இல்லாத, கலந்த பை ஒவ்வொரு இரவும் படலையில் தொங்கும் இடத்தில் ஒழுங்கு நின்றுவிட்டால் மற்ற இடத்தில் நிற்காதிருக்க முடியாது. கட்டணத்தை மாணவரிடம் கேட்கக்கூடாது. அறை வாடகைக்கு விடுபவரிடம், அறைகளின் எண்ணிக்கைப்படி அறவிட வேண்டும். பார்சல் தாளில் சோறு கட்டும் கடைகளுக்கு, சொந்தப் பாத்திரத்தோடு வருபவருக்கு விலை குறைக்கும் நிபந்தனையை வியாபார அனுமதிப்பத்திரத்திலேயே எழுதலாம். ஒவ்வொரு மாத முடிவிலும் எத்தனை கிலோ உக்கும் கழிவு, எத்தனை கிலோ காய்ந்த கழிவு, எவ்வளவு மிச்சம் கல்லுண்டாய்க்கோ வேறெங்குமோ போனது என்பதைச் சபை வாயிலில் எழுதி ஒட்ட வேண்டும். கல்லுண்டாய்க் குடியிருப்புக் கிணறுகளின் நீர்ப் பரிசோதனை முடிவையும் அதற்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். அடுத்த பாதீடு சமர்ப்பிக்கப்படும்போது உறுப்பினர்கள் இந்த இரண்டு தாளையும் கையில் வைத்துக்கொண்டு பேசட்டும்.